ஒரு முழம் நீட்டிய வண்டி

திசையன்விளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
என் பட்டறை.
கேட்டும் ஜன்னல் கிரில்லும்தான் தொழில்.
மார்கழியில் ஒருநாள்
பழைய சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள்
உவரிக்காரி, பெயர் பிரகாசி.
"அண்ணாச்சி, இத ஒரு முழம் நீட்டணும்"
தையல்காரனிடம் பாவாடையைக் கொடுப்பதுபோல் சொன்னாள்.

சைக்கிள் நீளாது என்றேன்.
"இரும்புதான?"

டீக் கிளாஸ்களை நகர்த்தி நகர்த்திக் கணக்குச் சொன்னாள்.
மீன்கூடையைக் கண்டக்டர் ஏற்றமாட்டான்,
நாறுதாம்.
ஆட்டோவுக்கு முந்நூறு.
தலைச்சுமை என்றால் இருபது கிலோ,
அதுவும் இரண்டு ஊர் தாண்டுமுன்
வெயில் முந்திக்கொள்ளும்,
சாளைக்குக் கண் சிவக்கும்.
சிவந்த கண்ணுக்குப் பாதி விலை.
"மீனும் போவுது, கழுத்தும் போவுது."

சரி என்று அறுத்தேன்.
பின்சட்டத்தை வெட்டி, குழாய் சேர்த்து,
இரண்டு செயினை ஒன்றாகக் கோத்து,
பின்சக்கரத்துக்குக் கனத்த கம்பி.
பெட்டியை மேலே வைத்துத் தரையில் வரைந்தேன்.
சாக்கட்டியைப் பிடுங்கிக் கீழே இறக்கினாள்:
"இடுப்புல இருக்க பிள்ள ஆடாது அண்ணாச்சி,
தோள்ல இருக்கதுதான் ஆடும்."
சக்கரத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று
என்று இரண்டு பெட்டி.
சேலைக்கு இடைஞ்சல், நடுக்கம்பி வேண்டாம்.
தராசு மாட்ட ஒரு கொக்கி.
கொக்கியை நான் யோசிக்கவே இல்லை.

கூலி நாலாயிரத்து இருநூறு.
மூவாயிரம் கையில், மீதி நோட்டில்.

முதல் நாளே இறக்கத்தில்
எண்பது கிலோவும் முதுகைப் பிடித்துத் தள்ள
பிரேக் நிற்கவில்லை.
உடைமரத்துக்குள் போய்ச் சொருகியது வண்டி.
முழங்கைத் தோல் உரிந்து வந்து நின்றாள்,
திட்டவில்லை.
கட்டையை மாற்றிக் கொடுத்தேன், காசு கேட்கவில்லை.
தப்பு என்னுடையது.

பங்குனியில் பார்க்கும்போது பெட்டி நிறைய முருங்கைக்காய்.
கடலில் முருங்கை காய்க்குதா என்றேன்.
"வெறும் வண்டியா திரும்ப மனசு வரல."
இட்டமொழித் தோட்டத்தில் காய்த்துத் தொங்குவது
கடற்கரையில் ஒன்று ஐந்து ரூபாயாம்.
போகும்போது மீன், வரும்போது காய்.
விசைப்படகெல்லாம் கரையேறிய சித்திரையில்
மீனுக்குப் பதில் கருவாடு.
பத்து வருஷமாய்க் கேட் செய்கிறேன்,
உள்ளே போகிற கதவுதான் வெளியே வருவதற்கும்.
வண்டிக்கும் அப்படித்தான் என்று
எனக்குத் தோன்றியதில்லை.

மாடிவீடு கட்டிவிடவில்லை.
வாராவாரம் வாசலில் நின்ற வட்டிக்காரன்
இப்போது மாதம் ஒருதரம் நிற்கிறான்,
அவ்வளவுதான்.
ஆடி வந்தால் மேல்காற்று.
காற்றாலைகள் மூன்று கையையும் வீசிச் சுற்றும்,
யாருக்கோ யூனிட் ஓடும்.
அதே காற்றுக்குத் தலைகுனிந்து
இறங்கித் தள்ளிக்கொண்டு போவாள்.
அன்றைக்கு அது வண்டியில்லை,
சொல்பேச்சு கேளாத எருமை.

இப்போது பட்டறை வாசலில் நாலு சைக்கிள்.
கூட்டப்பனையில் ஒருத்திக்கு எட்டுக் குடம் நிற்கவேண்டும்.
பீடி சுற்றும் ஆயிஷாவுக்கு
இலை நனையாமல் மூடிபோட்ட பெட்டி.
பழைய அளவை எடுத்து நீட்டினால்
ஒருத்தியும் ஒத்துக்கொள்வதில்லை,
ஆளுக்கொரு சாக்கட்டி.

பிரகாசி ஆறு மாதத்துக்கொருமுறை வருகிறாள்.
ஐஸ்தண்ணீர் உப்போடு சொட்டிச் சொட்டி
நான் பற்றவைத்த இடத்தைத் தின்றிருக்கும்.
சுரண்டினால் மேலே செதில்,
அதன் கீழே தேரிச் செம்மண்,
அதற்கும் கீழே கொஞ்சம் இரும்பு.

பாக்கி ஆயிரத்து இருநூறு
நோட்டில் அப்படியே கிடக்கிறது.
கேட்டால், ஒரு பொட்டலம் நெத்திலியை
வெல்டிங் மிஷின்மேல் வைத்துவிட்டு
"இத வரவு வச்சுக்கிடுங்க" என்கிறாள்.

என்ன விலைக்கு எழுத?
கண் இன்னும் சிவக்கவில்லை.